கொடுங்கையூர் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டம்: கீரைக்குள்ள ஈயமும் காட்மியமும் எந்த வழியா வந்துச்சு

முதல்லயே முடிவை சொல்லிடறேன், ஏன்னா பாதில விட்டுட்டு போறவங்களுக்கும் இது தெரியணும். இந்த வீட்டுத் தோட்டத்து கீரையில இருந்த ஈயத்துல பெரும்பங்கு வேர் வழியா ஏறினது இல்ல, இலை மேல ஒட்டியிருந்த மண்ணும் தூசியும் தான். காட்மியம் அப்படி இல்ல, அது செடிக்குள்ளயே ஓடி இலைல போய் உக்காந்திருந்துச்சு, எத்தனை தடவை அலசினாலும் போகல. ரெண்டையும் சேர்த்து "ஹெவி மெட்டல்"னு ஒரே பேர்ல சொல்லி ஒரே வைத்தியம் சொல்றதால தான் நம்ம ஏரியால ஒண்ணு ஜனங்க பயந்துபோய் செடியெல்லாம் புடுங்கி போட்டுடறாங்க, இல்லன்னா நல்லா அலசிட்டா போதும்னு அதே கீரையை கொழந்தைக்கு பிசைஞ்சு ஊட்டறாங்க. ரெண்டும் தப்பு.

இடம் வட சென்னைல கொடுங்கையூர் பக்கம், குப்பை மேட்டுலேருந்து ரொம்ப தூரமில்ல. வீடு எதுன்னு அடையாளம் தெரியற மாதிரி எதுவும் எழுத மாட்டேன், மண்ணு, கீரை டெஸ்ட் ரிப்போர்ட்ல இருந்த நம்பரையும் ஒவ்வொண்ணா போடல, அது அவங்களோடது. எல்லைக்கு மேலயா கீழயாங்கறது மட்டும் போதும், மத்தபடி பொதுவா எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவுகளை வெச்சே கணக்கு போட்டு காட்டறேன்.

வீட்டுக்கு பின்னாடி ரெண்டு சென்ட் கூட இருக்காது. அங்க அக்கா ஒருத்தவங்க முளைக்கீரை, தண்டுக்கீரை, குளிக்கிற தண்ணி ஓடற இடத்துல பொன்னாங்கண்ணி, ஒரு பாத்தி முள்ளங்கி, கத்தரி, வெண்டை, காம்பவுண்ட் சுவர் மேல படர்ற அவரை, வாசல்ல ஒரு முருங்கை, இவ்வளவும் வெச்சிருக்காங்க. அவங்க மாமியார் காலத்துலேருந்து விளையற மண்ணு. அந்தக் காலத்துல பள்ளமா இருந்த இடமாம், மழை வந்தா தண்ணி நிக்கும்னு லாரி லாரியா மண்ணு கொட்டி மேடாக்கியிருக்காங்க, அந்த மண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் ரொம்ப வருஷமா ஒரு ஷெட். பழைய பேட்டரி உடைக்கறது, ஒயர் கொளுத்தி தாமிரம் எடுக்கறது, ரெண்டும் அங்க நடந்திருக்கு. இப்ப ஷெட் இல்ல, இடிச்சுட்டாங்க, இடிக்கும்போது எழுந்த தூசி தெரு முழுக்க படிஞ்சுது, அதுக்கப்புறம் தான் அக்காவோட பொண்ணு, ரெண்டரை வயசு கொழந்தையோட அம்மா, இந்த மண்ணை பாக்கணும்னு கேட்டுச்சு.

அக்காவுக்கு கோவம். "இன்னா தம்பி, எங்க மாமியா காலத்துலேர்ந்து இந்த மண்ணுல வெளஞ்சத தான துன்னுக்கினு கீறோம், எவனுக்கு இன்னா ஆயிட்ச்சி? கீரையப் பாரு, எப்டி பச்ச பசேல்னு கீது, நோவு பட்ட மண்ணுல இப்டி வருமா?"

அவங்க கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு சரியான பதில் சொல்லணும். தாமிரமும் துத்தநாகமும் மண்ணுல ரொம்ப ஏறினா செடியே முதல்ல படுத்துடும், இலை மஞ்சளாகும், வளர்ச்சி நின்னுடும், நாம சாப்பிடற அளவுக்கு வரவே வராது, அதாவது செடியே நமக்கு ஒரு தடுப்பா நிக்குது. ஈயத்துக்கும் ஓரளவு தடுப்பு இருக்கு, ஏன்னா மண்ணும் வேரும் அதை புடிச்சு வெச்சுக்கும். காட்மியத்துக்கு மட்டும் இந்தத் தடுப்பு கிடையாது. மனுஷனுக்கு கெடுதல் பண்ற அளவு இலைல ஏறின பிறகும் செடி எந்த குறையும் காட்டாம தளதளன்னு நிக்கும். அதனால பச்சையா இருக்கறதை வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, கண்ணுக்கு தெரியற மாசு இது இல்ல.

மண் டெஸ்ட் எடுத்தாச்சே, அப்புறம் என்ன?

அக்கா வீட்டுல ஏற்கனவே ஒரு மண் பரிசோதனை ரிப்போர்ட் இருந்துச்சு. யாரோ சொந்தக்காரப் பையன் விவசாய ஆபீஸ் மூலமா எடுத்து குடுத்தது. எல்லாம் நல்லா இருக்குன்னு வந்ததால வீட்டுல எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க. இந்த இடத்துல தான் நம்ம ஜனங்க நிறைய பேர் ஏமாந்து போறாங்க. மண் வள அட்டைல பாக்கறது மொத்தம் 12 விஷயம்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்), கந்தகம், அப்புறம் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீஸ், போரான், அப்புறம் பிஎச் (மண்ணு புளிப்பா காரமாங்கற அளவு), உப்பு அளவு, கரிமச் சத்து. பயிருக்கு சத்து போதுமான்னு பாக்கற டெஸ்ட் அது, அந்த வேலைக்கு நல்ல டெஸ்ட். அதுல ஈயம் கிடையாது, காட்மியம் கிடையாது, ஆர்சனிக் கிடையாது. பாக்காத ஒண்ணை இல்லன்னு எடுத்துக்கிட்டாங்க.

அதனால திரும்ப எடுத்தோம். எப்படி எடுத்தோம்ங்கறதை கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா மண்ணை தப்பா எடுத்தா லேப் எவ்வளவு நல்ல லேபா இருந்தும் பிரயோஜனம் இல்ல. தோட்டம் மொத்தத்தையும் கலந்து ஒரே சாம்பிளா குடுக்கல. ஷெட் சுவர் ஓரமா இருக்கற மூலை தனி, கீரை பாத்தி தனி, வாசல் பக்கம் முருங்கை இருக்கற இடம் தனி. ஒவ்வொண்ணுலயும் மேல கெடக்கற சருகை தள்ளிட்டு, மேல் மண் 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் அங்கங்க குறுக்கும் நெடுக்குமா பல இடத்துல எடுத்து, பிளாஸ்டிக் பக்கெட்ல கலந்து, நாலா பிரிச்சு எதிரெதிர் பங்கை வெச்சுக்கிட்டு மத்ததை போட்டுட்டு, அரை கிலோ அளவு வர்ற வரைக்கும் இதையே செஞ்சோம். துத்தநாக முலாம் பூசின கொத்தோ துருப்பிடிச்ச கரண்டியோ யூஸ் பண்ணக்கூடாது, அதுவே மண்ணுல உலோகத்தை சேர்த்துடும். நிழல்ல உலர்த்தினோம். கொழந்தை விளையாடற இடத்துல மட்டும் மேலாக்க சும்மா ரெண்டு விரக்கட ஆழம் தான் எடுத்தது, ஏன்னா கொழந்தை கைல ஒட்டறது அந்த மேல் மண்ணு தான், 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணு இல்ல.

லேப்ல அமிலத்துல கரைச்சு, உலோகத்தை துல்லியமா அளக்கற ஐசிபி-எம்எஸ்ங்கற கருவில மொத்த அளவு பாத்தாங்க. கூடவே பிஎச், உப்பு ரெண்டும் கேட்டு வாங்கினோம், அதை கேக்காம விட்டிருந்தா இந்த கேஸ்ல பாதி விஷயம் புரிஞ்சிருக்காது.

ஈயத்தை எதோட ஒப்பிடறதுன்னு ஒரு கேள்வி வரும். அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பு வீட்டு மண்ணுக்கு ரொம்ப வருஷமா கிலோவுக்கு 400 மி.கி.ங்கற அளவை வெச்சிருந்தாங்க, 2024 ஜனவரில அதை 200-ஆ குறைச்சாங்க. இங்க வாசல் பக்கம் 200-க்கு கீழ. கீரை பாத்தி பழைய 400-ஐ தாண்டி. ஷெட் சுவர் மூலைல பல மடங்கு. அந்த மூலைல மட்டும் பிஎச் இறங்கி மண்ணு புளிச்சு கெடந்துச்சு, பேட்டரி ஆசிட் ஊறின மண்ணு, மத்த இடமெல்லாம் லேசா காரத்தன்மை. காட்மியமும் ஷெட் பக்கம் கூட, ஆனா ஈயம் அளவுக்கு மூலைக்கும் பாத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, பரவலா இருந்துச்சு.

ஒரே சின்ன இடத்துக்குள்ள இவ்வளவு வித்தியாசம். மொத்தமா கலந்து ஒரு சாம்பிள் குடுத்திருந்தா நடுவாந்தரமா ஒரு நம்பர் வந்திருக்கும், அந்த நம்பரை வெச்சு மூலையையும் புரிஞ்சிருக்க முடியாது, வாசலையும் புரிஞ்சிருக்க முடியாது.

ஈயம் எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டா ஷெட்டை மட்டும் காட்டறது முழு பதில் இல்ல. பேட்டரி தகடு ஈயம், அது சரி. ஒயர் மேல இருக்கற பழைய பிவிசி உறைல ஈய உப்பை கலப்பாங்க, கொளுத்தினா தாமிரம் மிச்சமாகும், ஈயம் சாம்பல்ல நிக்கும். அது போக 2000-ம் வருஷம் வரைக்கும் பெட்ரோல்ல ஈயம் இருந்துச்சு, பெயின்ட்ல ஈயத்துக்கு கிலோவுக்கு 90 மி.கி.ன்னு எல்லை வந்து அமலானது 2017 நவம்பர்ல தான். ஈயம் ஆவியாகாது, மக்காது, மழையில சட்டுனு கீழ இறங்காது, மேல் மண்ணுலயே கெடக்கும். நம்ம மணலி 2009-லயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட கணக்குல கடுமையா மாசுபட்ட பகுதின்னு வந்த இடம். இந்த மண்ணு அந்த அக்கா கெடுத்த மண்ணு இல்ல, இதை அடிக்கடி ஞாபகப்படுத்திக்கணும், ஏன்னா டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் தெருவுல சில பேர் அவங்களை குத்தம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, ஊருக்கே கீரை குடுத்து விஷம் வெச்சியான்னு. இத்தனை வருஷமா பக்கத்து வீட்டுக்கெல்லாம் காசு வாங்காம குடுத்தவங்க.

ஒரு கட்டு கீரை, ரெண்டு பங்கு

இனி முக்கியமான விஷயத்துக்கு வரேன். முளைக்கீரைல ஒரே பாத்தில ஒரே நேரத்துல அறுத்த ஒரு கட்டை எடுத்து ரெண்டா பிரிச்சோம். ஒரு பங்கை அப்படியே, வேரை மட்டும் நறுக்கிட்டு கவர்ல போட்டது. இன்னொரு பங்கை அக்கா எப்பவும் வீட்டுல பண்ற மாதிரி இல்லாம, இலை இலையா கிள்ளி, குழாய்த் தண்ணில ஓடவிட்டு அலசி, அகலமான பாத்திரத்துல மூணு தண்ணி மாத்தி, ஒவ்வொரு தடவையும் கீரையை மேலேருந்து அள்ளி எடுத்து, அடில தங்கின மண்ணோட தண்ணியை கொட்டி, கடைசியா ஃபில்டர் தண்ணில ஒரு அலசு அலசி குடுத்தது. பாத்திரத்தை சாய்ச்சு கீரை மேலயே அந்தத் தண்ணியை வடிக்கறது தான் நிறைய வீட்டுல நடக்கறது, அதுல அடில இறங்கின மண்ணு திரும்ப கீரைலயே ஒட்டிடும். முதல் தண்ணிக்கு அடில கருப்பா மாவு மாதிரி ஒரு படிவு நின்னுச்சு, விரலால தொட்டா வழவழன்னு இருந்துச்சு. அந்தப் படிவு தான் இந்த கேஸ்.

அலசாத பங்குல ஈயம் கோடெக்ஸ் எல்லையை (உணவுல எது எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு உலக அளவுல வெச்ச எல்லை) நல்லாவே தாண்டி இருந்துச்சு. அலசின பங்குல எல்லைக்கு பக்கத்துல வந்து நின்னுச்சு. காட்மியம் ரெண்டு பங்குலயும் கிட்டத்தட்ட ஒண்ணு, ரெண்டும் எல்லைக்கு மேல.

கோடெக்ஸ்ல கீரை வகைக்கு ஈயம் கிலோவுக்கு 0.3 மி.கி., காட்மியம் 0.2 மி.கி. ஒரு சின்ன கணக்கு போட்டா ஈயம் விஷயம் தெளிவாயிடும். மண்ணுல கிலோவுக்கு 400 மி.கி. ஈயம்னா ஒரு கிராம் மண்ணுல 0.4 மி.கி. அதாவது ஒரு கிலோ கீரைல ஒரே ஒரு கிராம் மண் ஒட்டியிருந்தா போதும், செடி வேர் வழியா ஒரு துளி கூட எடுக்கலைன்னாலும், கீரை எல்லையை தாண்டிடும். கால் கிலோ கட்டுல கால் கிராம், கண்ணுக்கே தெரியாது. மழை பெய்யும்போதோ பைப்ல வேகமா தண்ணி விடும்போதோ மண்ணு தெறிச்சு கீழ் இலைல அப்பறதே இதை விட அதிகம். முளைக்கீரை தரையோட ஒட்டி வளர்றது, நெருக்கி விதைக்கறோம். எல்லாமே தூசி புடிக்க தோதா இருக்கு.

ஈயம் ஏன் உள்ள ஏறறது இல்லன்னா, அது மண்ணுல இருக்கற பாஸ்பேட், இரும்பு ஆக்சைடு, மக்குன சத்து இதுங்களோட கெட்டியா பிணைஞ்சுடும், மீறி வேர்கிட்ட வந்தாலும் வேரோட செல் சுவர்லயே ஒட்டி நின்னுடும், தண்டுக்கு போறது கம்மி. புளிச்ச மண்ணுல கொஞ்சம் கூட போகும், அதான் அந்த மூலைல எதையுமே விதைக்கக்கூடாதுன்னு முதல் நாளே சொன்னோம். முள்ளங்கி மாதிரி மண்ணுக்குள்ள இருக்கறதுல தோலும் அது மேல ஒட்டின மண்ணும் தான் பிரச்சினை, தோல் சீவினா நிறைய குறையும்.

காட்மியம் வேற மாதிரி. செடிக்கு துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் எல்லாம் வேணும், அதுங்களை உள்ள இழுக்க வேர்ல தனித்தனி வாசல் இருக்கு. காட்மியம் அதுங்க மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு அதே வாசல் வழியா உள்ள போயிடுது, செடியால பிரிச்சு பாக்க முடியல. உள்ள போனதும் தண்ணியோட இலைக்கு ஏறுது. கீரை வகைங்க இதுல முதல் வரிசை, அதுலயும் முளைக்கீரை, தண்டுக்கீரை குடும்பம் காட்மியத்தை நல்லா இழுக்கறதுன்னு ஆராய்ச்சிக்காரங்களுக்கு தெரிஞ்ச விஷயம், மாசுபட்ட மண்ணை சுத்தம் பண்ணவே இந்த குடும்பத்தை போட்டு பாத்திருக்காங்க. பொன்னாங்கண்ணியும் சும்மா இல்ல, சாக்கடை ஓரம், கால்வாய் ஓரம்னு அது வர்ற இடமே கழிவுத் தண்ணி நிக்கற இடம். அப்புறம் கிழங்கு, வேர். கடைசில தான் காய். வெண்டை, அவரை, முருங்கைக்காய் இதெல்லாம் இந்தத் தோட்டத்துல எல்லைக்கு கீழயே வந்துச்சு, அதே மண்ணு, அதே தண்ணி. கத்தரி மட்டும் காட்மியத்துக்கு கோடெக்ஸ்ல காய்களுக்கு சொல்ற 0.05-ஐ ஒட்டி இருந்துச்சு.

கத்தரிக்கு ஒரு அருமையான வழி இருக்கு. சுண்டைக்காய் செடியோட வேர்ல கத்தரியை ஒட்டு கட்டினா காய்ல காட்மியம் பாதிக்கும் கீழ குறையுதுன்னு ஜப்பான்ல 2008 வாக்குல காட்டியிருக்காங்க. சுண்டைக்காய் வேரு காட்மியத்தை மேல விடறதே கம்மி. வத்தக்குழம்புல போடற அதே சுண்டைக்காய் தான், நம்ம ஊர் வேலி ஓரமெல்லாம் தானா முளைக்கற செடி. நர்சரிகள்ல வேரழுகல் வராம இருக்க சுண்டைக்காய் ஒட்டுக் கத்தரி ஏற்கனவே விக்கறாங்க, யாரும் இந்தக் காரணத்துக்காக வாங்கறது இல்ல. அக்கா வாங்கி வெச்சிருக்காங்க.

போர் தண்ணி உப்பு

இந்த கேஸ்ல எனக்கு ரொம்ப முக்கியமா பட்டது இது, வட சென்னைல செடி வெக்கற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறேன். மண்ணுல காட்மியம் பயங்கர அதிகம்னு சொல்ல முடியாது, ஆனா கீரைல ஏறினது மண்ணு அளவுக்கு பொருந்தாம அதிகமா இருந்துச்சு. பிஎச்சும் லேசா காரம், அப்படின்னா காட்மியம் அடங்கி இருக்கணும். அப்புறம் ஏன்?

தண்ணி தான் காரணம்னு நினைக்கறேன். அக்கா வீட்டு போர் தண்ணி உப்பு கரிக்கும், பக்கெட்ல வெள்ளையா படியும், சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணில இருக்கற குளோரைடு மண்ணுல ஒட்டியிருக்கற காட்மியத்தை கழட்டி, தன்னோட சேர்த்துக்கிட்டு, வேர் கிட்ட கொண்டு போய் விடுது. மண்ணு பிடிச்சு வெச்சுக்கிட்டிருந்ததை உப்பு அவுத்து விடுதுன்னு வெச்சுக்கலாம். ஆஸ்திரேலியால உருளைக்கிழங்குல 1990-கள்லயே இதை கண்டுபிடிச்சாங்க, மண்ணுல காட்மியம் எவ்வளவுங்கறதை விட தண்ணில உப்பு எவ்வளவுங்கறது தான் கிழங்குல இருக்கற காட்மியத்தோட ஒத்துப் போச்சு. நம்ம பக்கம் மீஞ்சூர் சுத்தி 1960-கள் கடைசிலேருந்தே கடல் தண்ணி நிலத்தடி நீர்ல ஏறிக்கிட்டு வருது, நல்ல தண்ணியை உறிஞ்சி உறிஞ்சி எடுத்ததோட விளைவு. கரையோரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம், எண்ணூர், எர்ணாவூர் எல்லாம் கேக்கவே வேணாம். அதனால மண்ணு டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு தண்ணியை பாக்காம விட்டா பாதி தான் தெரியும்.

இதுக்கு மருந்தும் தண்ணில தான் இருக்கு. 2003-லேருந்து வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம், அக்கா வீட்டுலயும் ஒரு குழி இருக்கு, குப்பை அடைச்சு கெடந்துச்சு. அதை தூர் வாரி, மொட்டை மாடி தண்ணில ஒரு பங்கை டிரம்ல புடிச்சு செடிக்குன்னு வெச்சாச்சு. மழைக்காலம் முடிஞ்சு மண்ணுல உப்பு இறங்கின பிறகு விதைக்கறது, கோடைல போர் தண்ணிய ஊத்தி கீரை போடாம இருக்கறது, இவ்வளவு தான்.

ரிப்போர்ட்டை தப்பா படிச்சதால வந்த கலவரம்

பக்கத்து தெருவுல இன்னொரு வீட்டுல அவங்களே கீரையை டெஸ்ட்டுக்கு குடுத்து ரிப்போர்ட் போட்டோவை வாட்ஸ்அப்ல போட்டுட்டாங்க, எல்லையை விட பல மடங்கு விஷம்னு. வாங்கி பாத்தா அதுல உலர் எடைன்னு போட்டிருக்கு. கீரைல பத்துல ஒன்பது பங்கு தண்ணி. காய வெச்சு பொடி பண்ணி அளந்தா அதே ஈயம் பத்து மடங்கு பெருசா தெரியும். 0.3, 0.2ங்கற எல்லை எல்லாம் பச்சையா நாம வாங்கற எடைக்கு. பத்தால வகுத்து பாத்தா அவங்க கீரை எல்லைக்கு கீழ தான் இருந்துச்சு. லேப்ல குடுக்கும்போதே பச்சை எடைக்கு ரிப்போர்ட் வேணும்னு கேட்டுடுங்க, இல்லன்னா ஈரப்பதம் எவ்வளவுன்னாவது எழுதித் தரச் சொல்லுங்க.

ஆனா எல்லைக்கு கீழன்னாலே கவலை இல்லன்னும் சொல்ல மாட்டேன், அங்கயும் ஒரு கணக்கு இருக்கு. உலக சுகாதார அமைப்பு, உணவு வேளாண்மை அமைப்பு ரெண்டும் சேர்ந்த நிபுணர் குழு 2010-ல காட்மியத்துக்கு சொன்னது, உடம்பு எடைல கிலோவுக்கு மாசம் 25 மைக்ரோகிராம் வரைக்கும். 60 கிலோ ஆளுக்கு மாசம் 1500, நாளைக்கு 50. எல்லை அளவான 0.2-ல இருக்கற கீரை கால் கிலோ சாப்பிட்டா சரியா 50 வந்துடுது, அன்னைக்கு அரிசிலயும் மத்ததுலயும் வர்றதை சேர்க்கவே இல்ல. 12 கிலோ கொழந்தைக்கு நாளைக்கு 10 மைக்ரோகிராம், அதாவது அதே கீரை வெறும் 50 கிராம். ஒரு நாள் ரெண்டு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. தினமும் ஒரே பாத்தி கீரைன்னா வேற கதை, ஏன்னா காட்மியம் கிட்னில போய் சேர்ந்தா பத்து இருபது வருஷம் போகாம இருக்கும். ஜப்பான்ல ஜின்சு ஆத்து தண்ணில விளைஞ்ச அரிசியை வருஷக்கணக்கா சாப்பிட்டு எலும்பு நொறுங்கி அவதிப்பட்ட பொம்பளைங்க கதை, 1968-ல அரசாங்கமே காட்மியம் தான் காரணம்னு ஒத்துக்கிட்டது, அது சுரங்கத்துலேருந்து வந்த பெரிய அளவு. இங்க அந்த அளவு இல்ல. ஆனா மெதுவா சேர்ற வழி ஒண்ணு தான்.

ஈயத்துக்கு அந்த மாதிரி ஒரு எல்லையே சொல்ல முடியலைன்னு அதே குழு பழைய அளவை வாபஸ் வாங்கிடுச்சு. பெரியவங்க வயித்துல போற ஈயத்துல பத்துல ஒரு பங்கு உடம்புல சேர்ந்தா கொழந்தைக்கு பாதி வரைக்கும் சேரும், இரும்புச் சத்து சுண்ணாம்புச் சத்து கம்மியா இருந்தா இன்னும் கூட. அதனால தான் கீரையை நிறுத்தாதீங்கன்னு சொல்றேன், இரும்பும் சுண்ணாம்பும் குடுக்கறதே அது தான், நல்ல இடத்து கீரையா மாத்துங்க. இந்த வீட்டுல கொழந்தைக்கு ஈயம் போன முக்கிய வழி கீரையும் இல்ல, அந்த மூலை மண்ணுல உக்காந்து விளையாடிட்டு கையை வாய்ல வெக்கறது தான்னு எனக்கு படுது. கொழந்தைக்கு ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாக்கச் சொன்னோம், டாக்டர் பாத்துக்கிட்டிருக்காங்க, அதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு உரிமை இல்ல.

என்ன செஞ்சோம்

கீரையை தரையிலேருந்து தூக்கினோம், இது தான் மொத்த வேலைல பாதி. முட்டி உயரத்துக்கு கொஞ்சம் கம்மியா செங்கல் அடுக்கி, அடில துணி மாதிரி தடுப்பு விரிச்சு, டெஸ்ட் பண்ணின வெளி மண்ணு ஒண்ணேகால் அடி போட்டு அதுல தான் இப்ப முளைக்கீரை. உரம் வாங்கும்போது கவனமா இருக்கணும், நகராட்சி குப்பைலேருந்து வர்ற உரத்துக்கு சட்டப்படி ஈயம் கிலோவுக்கு 100 மி.கி., காட்மியம் 5 மி.கி. வரைக்கும் அனுமதி, ரிப்போர்ட் கேட்டு வாங்குங்க, இல்லன்னா வீட்டு காய்கறிக் கழிவுலயே மக்க வைங்க. மீதி தரைக்கு காய் மட்டும். நடக்கற வழி, கொழந்தை விளையாடற இடம் எல்லாம் தென்னை மட்டை, சருகு போட்டு மூடியாச்சு, வெறும் மண்ணு வெளில தெரியக்கூடாது, தூசி எழக்கூடாது, தெறிக்கக்கூடாது. பைப் வேணாம், பூவாளி தான், அதுவும் வேர்ல. சுண்ணாம்பு போடலாமான்னு கேட்டாங்க, புளிச்ச மண்ணுக்கு அது நல்ல வழி, இங்க பாத்தி ஏற்கனவே காரம், அதனால பிரயோஜனம் இல்லன்னு சொல்லிட்டோம். மஞ்சத் தண்ணி, உப்புத் தண்ணி, வினிகர் எதுவும் செடிக்குள்ள இருக்கற காட்மியத்தை இழுக்காது.

சூரியகாந்தி வெச்சா மண்ணு சுத்தமாயிடும்னு ஒரு யூடியூப் வீடியோவை அக்கா பொண்ணு காட்டுச்சு. ஆசையா இருந்துச்சு அதுக்கு, அதனால கணக்கு போட்டே காட்டினேன். ஒரு சதுர மீட்டர்ல 20 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணு சுமார் 260 கிலோ. 400 மி.கி.ன்னா அதுல மொத்தம் 104 கிராம் ஈயம். செடி ஒரு போகத்துக்கு காய்ஞ்ச எடை ஒரு கிலோ வந்து, தாராளமா கிலோவுக்கு 50 மி.கி. இழுத்துச்சுன்னே வெச்சுக்கிட்டாலும், 400-ஐ 200-ஆ குறைக்கவே ஆயிரம் போகத்துக்கு மேல வேணும். வருஷம் மூணு போகம் போட்டாலும் முன்னூறு வருஷத்துக்கு மேல. அதுவும் அறுத்த செடியை அங்கயே மக்க விட்டா எடுத்தது திரும்ப மண்ணுக்கே போகும். பூ அழகுக்கு வெக்கட்டும், அதை நம்பி கீரை விதைக்க வேணாம்.

அடுத்த பருவத்துல உயர்த்தின பாத்தி கீரையை திரும்ப குடுத்து பாத்தோம். ஈயம், காட்மியம் ரெண்டும் எல்லைக்கு நல்லாவே கீழ. தரை கத்தரி ஒட்டுச் செடில இப்ப தான் பூ விட்டிருக்கு, காய் வந்தா குடுத்து பாக்கணும். அக்கா திரும்ப பக்கத்து வீட்டுக்கெல்லாம் கீரை குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, ரிப்போர்ட் நகலை வாசல் கதவுல ஒட்டி வெச்சிருக்காங்க, "வேணும்னா படிச்சிட்டு வாங்கிக்கோ"ன்னு.

முடியாதது அந்த மூலை. அந்த மண்ணை வெட்டி எடுத்து வேற எங்கயும் கொட்டக்கூடாது, அபாயகரக் கழிவுக்குன்னு கும்மிடிப்பூண்டில இருக்கற இடத்துக்கு தான் போகணும், லாரி, அனுமதி, கூலி, எதுவும் அக்காவால முடியற காரியம் இல்ல, அவங்க செய்யவும் கூடாது. பழைய பேட்டரியை எப்படி கையாளணும்னு 2001-லயே விதி வந்தாச்சு, 2022-ல புதுசா இன்னொண்ணு வந்துச்சு, உடைச்சு சம்பாதிச்சவங்களும் இடத்தை வாடகைக்கு விட்டவங்களும் இருக்க, செலவு சுவருக்கு இந்தப் பக்கம் கீரை போட்டவங்க தலைல ஏன் விழணும்? இப்போதைக்கு மூலை மேல தார்ப்பாய் விரிச்சு சிமென்ட் சிலாப் போட்டு மூடியிருக்கோம், சுத்தி ஒரு வரிசை செங்கல், மழைத் தண்ணி அது மேல ஓடி பாத்திக்கு வராம. மனு குடுத்தாச்சு, ரிப்போர்ட்டோட, மூணு சாம்பிள் எடுத்த இடத்தையும் வரைஞ்சு காட்டி.

சுவரை ஒட்டி இன்னும் சில வீடு இருக்கு, அவங்க யாரும் மண்ணை பாக்கல. 2023 டிசம்பர் வெள்ளத்துல மணலிலேருந்து எண்ணெய் வந்து எண்ணூர் வரைக்கும் போனதை பாத்தோம், தண்ணி ஒரு வீட்டு அழுக்கை இன்னொரு வீட்டுல கொண்டு போய் படிய வைக்கும். அதனால ஐப்பசி மழைக்கு முன்னாடி அந்த வீடுங்க எல்லாம் சேர்ந்து சாம்பிள் குடுக்கணும், தனித்தனியா குடுக்கறதை விட சேர்ந்து குடுத்தா செலவும் பங்காகும், மனுவுலயும் கையெழுத்து கூடும். ஷெட் சுவர் பக்கத்து மண்ணை தனியா எடுங்க, கொழந்தை விளையாடற இடத்துல மேலாக்க எடுங்க, போர் தண்ணி ஒரு பாட்டில் கூடவே குடுங்க, லேப்ல ஈயம், காட்மியம், பிஎச், குளோரைடு நாலும் வேணும்னு பேர் சொல்லி கேளுங்க.